ரத்த அழுத்த ஒழிப்புத் தீர்மானம்

உலக மருத்துவம் இன்னும் திணறிக்கொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தை, சங்கரன்கோவில் மூத்த நடையாளர் கழகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை டீக்கடையில் இருபது நிமிடத்தில் ஒழித்துக்கட்டியது. செயலாளர் என்ற முறையில் அதைப் பதிவு செய்வது என் கடமை.

நாங்கள் ஏழு பேர். ஏழு பேரும் பிரஷர்காரர்கள். தினமும் ரத வீதிகளை இரண்டு சுற்று நடப்போம். இழந்த சக்தியை மீட்க ஆளுக்கு மூன்று உளுந்தவடை. வீட்டில் 'நடைப்பயிற்சி' என்று சொல்வது இரண்டையும் சேர்த்துத்தான்.

தலைவர் ஆறுமுகச்சாமி, பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகித்து ஓய்வு பெற்றவர். வாட்ஸப்பை மட்டும் சந்தேகிக்காதவர். அன்று செல்போனை உயர்த்தி வாசித்தார்: வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைக் குடித்தால் பிரஷர் போய்விடும், மாத்திரை எல்லாம் 'கம்பெனிச் சதி'.

ஜவுளிக்கடையை மகனிடம் விட்டுவிட்ட தாவூது மட்டும் கேட்டார். "எந்த டாக்டர் சொன்னது அண்ணாச்சி?"

"பேரு போடல. போட்டா கம்பெனிக்காரன் சும்மா விடுவானா வே?"

"அப்ப உண்மைன்னு எப்படித் தெரியும்?"

"'பலமுறை பகிரப்பட்டது'ன்னு மேலேயே போட்டிருக்கு, பாரும். பொய்யை இத்தன பேரு அனுப்புவானா?"

இந்த 'ஆதாரத்தின்' முன் தாவூது அடங்கினார். 'இன்று முதல் மாத்திரை நிறுத்தம்' என்று தீர்மானம் போட்டோம். ஏழு கைகள் உயர்ந்தன. இரண்டில் வடை இருந்தது.

பதினோராம் நாள், நடந்துகொண்டிருந்த தாவூது சட்டென்று சுவரைப் பிடித்தார். வாய் ஒரு பக்கம் கோணியது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

வெகுநேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தார். "உயிருக்குப் பயமில்ல. இடது கை தேற மாசக்கணக்காவும். பத்து நாளா மாத்திரை போடலையாமே, ஏன் நிறுத்துனாரு?"

சேதி கேட்டு ஓடிவந்திருந்த தாவூதின் மனைவி மகபூப் பீவி கண்ணைத் துடைத்தார். "மாத்திரைக்குப் பதிலா வெண்டைக்காத் தண்ணின்னு சங்கத்துல தீர்மானமாம்மா. எம்புட்டோ சொன்னேன். கை தூக்கிட்டேன், வாக்கு மாற மாட்டேன்னுட்டாக."

நர்ஸ் பதறிப்போய் எங்கள் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்களும் நிறுத்திட்டீங்களா? வரிசையா உக்காருங்க. கைய நீட்டுங்க."

தலைவருக்கு நூற்று இருபத்தெட்டு, எண்பது.

"வெண்டைக்காத் தண்ணியிலயா இப்படி இருக்கு?" நர்ஸ் அசந்துபோனார்.

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். "அது… காலைல ஒரு மாத்திரையும் போடுதேன். வீட்டுக்காரி விட மாட்டேங்கா."

அடுத்தவருக்கும் சரியாக இருந்தது. அதற்கடுத்தவருக்கும். கடைசியாக நான் சட்டைக் கையை மடக்கினேன். நூற்று முப்பது, எண்பது. மகபூப் பீவி எங்கள் ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

தீர்மானத்தை ஏழு பேர் ஏகமனதாக நிறைவேற்றினோம். நிஜமாகவே நிறைவேற்றியவர் உள்ளே படுத்திருந்தார்.