தாய்மாமனுக்குப் பக்கத்தில் டிசைனர் பாண்டி

எதற்கும் பதறாதவள் என்று எனக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. கல்லூரி லேப் தேர்வின் நடுவில் கரண்ட் போனபோதும், வேலையில் சேர்ந்த புதிதில் சர்வர் படுத்துவிட்டபோதும், ஒரு தாளை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தேனே தவிர நகத்தைக் கடிக்கவில்லை. (நகம் கடிப்பது பட்டியலில் இல்லை.) அந்தப் பெயர், எனக்குப் பூ வைத்த அன்று மத்தியானம், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு ஹாலில், ஒரு நீலத் திரைக்கு முன்னால் காலமானது.

மாப்பிள்ளை வீட்டார் வத்தலக்குண்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பூ வைத்தாயிற்று. தட்டு மாற்றியாயிற்று. பந்தியும் முடிந்து, வெற்றிலை போடுகிறவர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தலை நிறைய மல்லிகையும் கனகாம்பரமும் சுமந்துகொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல், முழு உடம்பையும் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் வருங்கால மாமனார் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார்.

பூ வைக்க வந்த வீட்டில் லேப்டாப்புக்கு என்ன வேலை என்றால், காரணம் இருந்தது. மாமா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பிளெக்ஸ் பேனர் டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறார். அச்சடிக்கும் மெஷின் திண்டுக்கல்லில்தான். அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வயிற்றுப் பேரன்கள் இரண்டு பேருக்கும் காதுகுத்து, கடாவெட்டு. அதற்கான பெரிய பிளெக்ஸ் அந்த லேப்டாப்பில் தயாராக இருந்தது. தாய்மாமன் என்ற முறையில் மேல் வரிசையின் நடுவில் என் மாப்பிள்ளை கார்த்திக்கின் படம். அவர் பக்கத்தில் ஒரு காலி வட்டம். பூ வைத்த கையோடு என் படத்தை அதில் சேர்த்து, எங்கள் வீட்டிலிருந்தே பிரஸ்ஸுக்குப் போய், சாயங்காலமே அச்சடித்துக்கொண்டு ஊர் திரும்புவது மாமாவின் திட்டம்.

எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டு பிளெக்ஸ் என்பது லேசான சமாச்சாரம் இல்லை. யார் படம் மேலே, யார் படம் கீழே, யார் கும்பிடுகிறார், யார் செல்போனில் பேசுகிறார் என்பதற்கெல்லாம் பேச்சுவார்த்தை உண்டு. இந்த பிளெக்ஸில் எழுபது முகத்துக்கு மேல். ஒரு பெரியப்பா, தன் தலை சின்ன சம்பந்தியின் தலையைவிட ஒரு விரற்கடை சிறிதாக இருப்பதாகச் சொல்லி, காதுகுத்துக்கே வரமாட்டேன் என்று நின்றாராம். மாமா வீடு வீடாகப் போய்ச் சமாதானம் பேசி, ஒவ்வொரு தலையையும் இழுத்து, குறுக்கி, எல்லோரையும் சம்மதிக்க வைத்திருந்தார். அந்தக் கோப்பு போனால் போனதுதான். மறுபடி எழுபது வீட்டுப் படி ஏற ஒரு நாள் போதாது.

லேப்டாப் கண் விழிக்கவே வெகுநேரம் எடுத்தது.

"ரொம்ப ஸ்லோ தாயி இது. அமுக்கிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்," என்றார் மாமா.

அவர் என்னிடம் உதவி கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். யாருமே கேட்கவில்லை.

"செத்த நேரம் குடுங்க மாமா, நான் என்னன்னு பாத்துத் தாரேன்," என்றேன்.

"பாத்தியா, இப்பவே மருமக பொறுப்ப கையில எடுத்துருச்சு!" என்று அத்தை, அதாவது கார்த்திக்கின் அம்மா, என் அம்மாவைப் பார்த்துப் பூரித்தார். அம்மாவும் பூரித்தார். ஹாலே பூரித்தது. (நான் மிகவும் பூரித்தேன்.)

மனதுக்குள் பட்டியல் தயார். ஒன்று, ஹார்ட் டிஸ்க் பழுதா என்று பார்ப்பது. இரண்டு, அதை விண்டோஸுக்கு வெளியிலிருந்து பார்ப்பது. மூன்று, அதற்கு என் சாவிக்கொத்திலேயே தொங்கும் பென் டிரைவில் உள்ள லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தைப் போட்டு லேப்டாப்பைக் கிளப்புவது. கிளப்பினேன். சிவப்புக் கட்டம் கட்டி ஒரு எச்சரிக்கை வந்தது: கையொப்பம் செல்லாது, அனுமதி இல்லை.

இதற்குப் பெயர் செக்யூர் பூட். கம்ப்யூட்டர் கண் விழிக்கிற நேரத்தில் வாசலில் நிற்கிற காவலாளி. உள்ளே வருகிற சிஸ்டத்திடம் முறையான கையொப்பம் இருந்தால்தான் விடுவார். என்னுடையது நானே அங்கே இங்கே கை வைத்து மாற்றிய லினக்ஸ். அதற்குக் கையொப்பம் கிடையாது. ஆகவே நான்கு: காவலாளியை வீட்டுக்கு அனுப்புவது. செட்டிங்ஸுக்குள் போய் செக்யூர் பூட்டை அணைத்தேன். என்ன செய்கிறேன் என்று கூடியிருந்தவர்களுக்கு விளக்கமும் கொடுத்தேன். கார்த்திக் கையைக் கட்டிக்கொண்டு பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

லினக்ஸ் வந்தது. டிஸ்க் நலமாக இருந்தது. "டிஸ்க்ல ஒண்ணும் இல்ல மாமா. தேவையில்லாத புரோகிராம்தான் ஜாஸ்தி. இப்ப விண்டோஸ் வந்ததும் எடுத்துடலாம்," என்று டாக்டர் தொனியில் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன்.

விண்டோஸ் வரவில்லை. நீலத் திரை வந்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைப் போடு என்றது.

எனக்குக் காதுக்குள் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. (அடுப்படியில் குக்கர் எதுவும் இல்லை. பின்னால் விசாரித்தேன்.)

"என்ன தாயி கேக்குது?"

"ஒரு நம்பர் மாமா. நாற்பத்தெட்டு இலக்கம்."

"நாப்பத்தெட்டா? அம்புட்டு நீளத்துக்கு யாருக்கு நம்பர் இருக்கு?"

"இந்த பைலுக்கு வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கீங்களா மாமா?"

"காப்பி எதுக்கு? அதான் இதுல பத்திரமா இருக்குல்ல," என்றார் மாமா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார்.

வெற்றிலை மெல்லுகிற சத்தம் நின்றது. மதினி, அதாவது கார்த்திக்கின் அக்கா, காதுகுத்துப் பிள்ளைகளின் அம்மா, நெஞ்சில் கை வைத்தார். "எப்பா, பெரியப்பா தலையை மறுபடி யாருப்பா சரி பண்றது?"

அந்த நேரத்தில்தான் அம்மா என் காதருகே வந்தார். "ஏத்தா, நீ எதையோ ஆப் பண்ணியே, அதைத் திரும்ப ஆன் பண்ணிப் பாரேன்."

"அம்மா, இது மிக்ஸி இல்ல," என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். ஹால் முழுக்கக் கேட்டிருந்தது. அம்மா காபி போடப் போய்விட்டார்.

திரையின் அடியில் ஒரு துப்பு இருந்தது. சாவி எந்த இமெயில் கணக்கில் இருக்கிறது என்று முதல் மூன்று எழுத்துகளைக் காட்டி, மீதியை நட்சத்திரமாகப் போட்டிருந்தது. கார்த்திக் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"எப்பா, இது பாண்டிண்ணன் ஐடி."

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

பாண்டி என்பவர் மாமாவின் கடையில் பல வருடம் டிசைனராக இருந்தவர். அந்த லேப்டாப் வாங்கியபோது தன் இமெயிலைப் போட்டே அதை அமைத்தவர். சில மாதங்களுக்கு முன்பு ஒரு கல்யாண பிளெக்ஸில், பொண்ணு வீட்டுச் சித்தப்பாக்கள் வரிசையில், கூலிங்கிளாஸ் போட்ட தன் படத்தையும் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டார். மண்டப வாசலில் "யார்யா இந்தச் சித்தப்பா?" என்று கலவரமாகி, மாமா அவரை அன்றே கடையை விட்டு அனுப்பிவிட்டார். அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

வேறு வழியில்லை. கார்த்திக் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்ட பாண்டி முதலில் கேட்டது ஒன்றுதான்.

"முதலாளி பக்கத்துல இருக்காரா?"

"இருக்கேன் சொல்லுப்பா," என்றார் மாமா, சுவரைப் பார்த்து.

"நான் இப்ப பக்கத்துல ஆத்தூர்ல ஒரு வேலையா இருக்கேன். வீட்டுக்குப் போயி, கணக்கைத் தொறந்து, நம்பரை அனுப்புறேன். ஆனா ஒண்ணு. காதுகுத்து பிளெக்ஸ்ல என் போட்டோ வரணும்."

"ஓரமா போட்டுருவோம்."

"ஓரமெல்லாம் ஆகாது முதலாளி. மேல் வரிசை."

"ஏலே, மேல் வரிசையில எடமே இல்லடா!"

"ஒரு வட்டம் காலியாத்தான இருக்கும்? பூ வச்சு முடிச்சாத்தான போடுவீங்க? எனக்குத் தெரியாதா உங்க பழக்கம்."

ஹாலில் இருந்த எல்லாக் கண்களும் என் மேல் திரும்பின. அந்தக் காலி வட்டம் என்னுடையது. நானாக இழுத்துவிட்ட வினை. நிதானம் என்ற என் பெயரில் மிச்சம் இருந்ததையெல்லாம் திரட்டி, "குடுத்துருங்க மாமா," என்றேன்.

"சரி, மேல் வரிசை. வாக்குக் குடுத்துட்டேன்," என்றார் மாமா. பாண்டி போனை வைத்தார்.

இனி அவர் வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டும். சும்மா உட்கார எனக்குத் தெரியாது. தாளை எடுத்து, நான் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதி, கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: செக்யூர் பூட்டைப் பழையபடி போட்டுவைப்பது. காவலாளி இல்லாமல் இருந்தால் சாவியைப் போட்ட பிறகும் தொந்தரவு தொடரலாம், நம்பர் வருகிறவரை இதையாவது முடித்து வைப்போம் என்ற ஒழுங்குதான். செட்டிங்ஸுக்குள் போனேன். ஆன் செய்தேன். சேமித்தேன். ரீஸ்டார்ட்.

விண்டோஸ் வந்தது.

நீலத் திரை இல்லை. சாவி கேட்கவில்லை. வழக்கம்போல ஆடி அசைந்து வந்தது. மாமாவின் குலதெய்வம் வால்பேப்பராகச் சிரித்தது. நடுவில் 'காதுகுத்து பைனல் பைனல் 3' என்ற கோப்பு.

விஷயம் இவ்வளவுதான். வாசலில் காவலாளி வழக்கம்போல நிற்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் டிஸ்க் தன்னைத் திறக்கும். அவரைக் காணவில்லை என்றதும் பயந்து பூட்டிக்கொண்டது. அவர் திரும்பி வந்ததும் திறந்துகொண்டது. இது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். தலையில் அத்தனை பூவை வைத்துக்கொண்டு அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

காபித் தட்டோடு வந்த அம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னத்தா பண்ணுன?"

"ஆப் பண்ணதைத் திரும்ப ஆன் பண்ணேன்மா."

அம்மா எனக்குக் காபியைக் கொடுத்தார். "மிக்ஸி மாதிரியே இருக்கு," என்றார்.

கோப்பைத் திறந்து, எழுபது முகமும் ஒவ்வொன்றாக ஆடி அசைந்து திரைக்கு வந்து முடிகிற நேரத்தில் மாமாவின் போன் மினுங்கியது. பாண்டி நாற்பத்தெட்டு இலக்கத்தையும் ஒன்றுகூடப் பிசகாமல் அனுப்பியிருந்தார். கூடவே கூலிங்கிளாஸ் போட்ட படம் ஒன்று.

"இப்பத்தான் தேவையில்லையே, விட்டுருங்கப்பா," என்றார் மதினி.

"வாக்கு குடுத்தாச்சு," என்றார் மாமா. அவரைப் பற்றி எனக்கு முதன்முதலில் மரியாதை வந்த இடமும், அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்த இடமும் அதுதான். பிரஸ் மூடுவதற்குள் போக வேண்டிய அவசரம். என் படத்துக்குப் பதிலாகப் பாண்டியின் படத்தை வட்டத்தில் வைத்தார். என்னைக் கீழ் வரிசையில், பந்தல்காரருக்கும் சமையல் மாஸ்டருக்கும் நடுவில் செருகினார். கிளம்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் வத்தலக்குண்டில் வேனை விட்டு இறங்கியதும் எதிரே அந்த பிளெக்ஸ். பெரியப்பாவின் தலை நியாயமான அளவில் இருந்தது. எல்லோருக்கும் திருப்தி. மேல் வரிசையின் நடுவில் பட்டு வேட்டியில் கார்த்திக், பக்கத்தில் கூலிங்கிளாஸில் பாண்டி. மாமா அவசரத்தில் படத்தை மட்டும்தான் மாற்றியிருந்தார். எனக்காக எழுதி வைத்திருந்த வாசகம் இரண்டு பேருக்கும் கீழே பொன்னிற எழுத்தில் அப்படியே இருந்தது: 'வருங்காலத் தம்பதி'.

அப்பா வேனிலேயே திரும்ப ஏறப் பார்த்தார். பாண்டி மட்டும் மாலையும் கையுமாக பிளெக்ஸுக்கு முன்னால் நின்று, வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு வருடமாகிறது. பாண்டி மறுபடியும் கடைக்கு வேலைக்கு வந்துவிட்டார். அந்த பிளெக்ஸ் மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குச் சாய்வான கூரையாக இருக்கிறது. வெயிலில் எழுபது முகமும் வெளுத்துவிட்டன. கூலிங்கிளாஸ் மட்டும் கருப்பு மாறவில்லை. புதிதாக வருகிற உறவினர்கள் அண்ணாந்து பார்த்து, "மாப்பிள்ளை பக்கத்துல அது யாரு?" என்று கேட்டால், மாமா சலிக்காமல் சொல்லுவார்: "அது எங்க மூத்த மருமக."

வீட்டில் மோட்டார் ஓடவில்லை, டிவி வரவில்லை, வைபை நின்றுவிட்டது என்றால் நான் இன்றும் தாளை எடுத்து ஒன்று, இரண்டு என்று எழுதத் தொடங்குவேன். முதல் வரியில் என்ன எழுதுவேன் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அதை எழுதி முடிப்பதற்குள் அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்துவிடும்:

"எதுக்கும் மூத்தவளுக்கு ஒரு போனைப் போட்டுரு தாயி."