ரோலர் அண்ணனும் நடுவில் விழுந்த பந்தும்

மலாக்காவில் ஓடியவை, நடந்தவை, ஊர்ந்தவை எதுவும் ரோலர் அண்ணனை முந்தாமல் விட்டதில்லை. மூன்று சக்கர டிரைஷா முந்தும். ஐஸ் வண்டி முந்தும். துக்காங் எமாஸ் ரோட்டுப் பிள்ளையார் கோயிலுக்கு முட்டிவலியோடு நடந்து போகும் கிழவர்கள்கூட அவரை முந்திவிட்டு, மூச்சு வாங்க நின்று, மறுபடியும் முந்துவார்கள். ஒருநாள் வாத்துக் கூட்டம் ஒன்று அவருடைய பத்து டன் ரோலரின் இடப்பக்கமாக வந்து, வரிசை குலையாமல் முன்னால் ஏறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதை நானே பார்த்தேன். அண்ணன் வாத்துகளுக்குக் கைகாட்டி வழிவிட்டார்.

சாலை போடும் வேலையில் ரோலர் ஓட்டுவது அவர் தொழில். அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருப்பார்கள். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்க அவர் ரோலர் அண்ணன், அவர் மனைவி ரோலர் அண்ணி, அவர்கள் வீட்டு நாய் ரோலர் நாய். அதுவும் நிதானமாகத்தான் குரைக்கும்.

இந்த மனிதர்தான் எங்கள் வட்டாரத்துக்கே பூப்பந்து சொல்லிக்கொடுத்தார் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை.

நாடு சுதந்திரத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. எந்தக் கம்பத்தில் (கிராமத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இரண்டு தென்னை மரங்கள் தோதாக நின்றாலும் நடுவில் ஒரு வலை முளைத்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மலாக்கா வானத்தில் பறவைகளைவிட வாத்திறகுப் பந்துகள்தான் அதிகம். எங்கள் ஆட்டக்களம் செட்டி மாமாவின் வீட்டுப் பின்புறம். மாமா மலாக்கா செட்டி. நெற்றியில் விபூதி, நாக்கில் மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும்தான். அந்த நிலத்தை அண்ணன் ரோலரை விட்டே சமப்படுத்தினார். ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் உருள்வதென்று தெரியாமல் நிற்கும். கடல்காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க, தினமும் மாலையில் அதே ரோலரை மேற்குப் பக்கம் கொண்டுவந்து நிறுத்துவார். ரோலர் மாலையில் இங்கே நிற்க வேண்டுமென்றால் பகலில் வேலையும் இங்கேதானே இருக்க வேண்டும்? அந்த வருஷம் காஜா பெராங் ரோட்டில் ஒரு கல் தலைதூக்கவில்லை. போட்ட சாலையையே திரும்பத் திரும்ப உருட்டினார் மனுஷன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ரப்பர் வாங்கி விற்கும் கடையில் கணக்குப்பிள்ளை வேலை. அதனால் எல்லோருக்கும் நான் கிராணி. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடிப்பேன். பாதி வலைக்குப் போகும், பாதி செட்டி மாமாவின் கூரைக்கு.

"அடிக்காத கிராணி," என்பார் அண்ணன். "பின்னால நின்னு அடிச்சா, அவன் கையில கொண்டுபோய்க் குடுக்குற மாதிரி. பந்தை வை. வலைக்கு அந்தப் பக்கம், கிட்டத்துல, சத்தமில்லாம வை. அவன் குனிஞ்சு எடுக்கட்டும். அதுக்குள்ள நீ முன்னால நடந்து வந்துரு."

"அடிச்சாத்தானே அண்ணே ஜெயிக்க முடியும்?"

"யாரு சொன்னா? இருபது மைல் ரோடு போட்டிருக்கேன். ஒரு கல்லையாவது அடிச்சேனா?"

அவர் பாடங்களெல்லாம் ரோலரிலிருந்து வந்தவை. பேட்டை இறுக்கிப் பிடித்தால், "ஸ்டியரிங்கை நெரிக்காதலா, அது போற வழியில போகும், நீ கூட இருந்தாப் போதும்." எதிராளி வீசும் நேரத்தில் நான் அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தால், "அவன் வீசும்போது உன் கால் நிக்கணும். நின்னவனாலதான் எந்தப் பக்கமும் திரும்ப முடியும்." சொன்னபடியே ஆடுவார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. இரண்டடி நடப்பார்; பந்து அவரைத் தேடிக்கொண்டு வந்ததுபோல் அங்கே இருக்கும்.

அறிவுரை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ரோலரில் உட்கார்ந்தபடியே, முந்திப் போகும் சைக்கிள்காரரைப் பார்த்து, "நேத்து உன் சர்வீஸ் ஒசரமா வந்துச்சு. வலைக்கு மேல ஒரு விரல்தான் இடம்" என்று ஆரம்பிப்பார். ரோலர் சத்தத்தில் பாதி கேட்காது. சைக்கிள்காரர் இறங்கி, சைக்கிளை உருட்டியபடி கூடவே நடந்து, முழுசாகக் கேட்டுவிட்டு, ஏறி, மறுபடியும் முந்த வேண்டும். ஆட்டத்தின் நடுவில் எதிராளிக்கே சொல்வார்: "தம்பி, முழங்கையைக் கொஞ்சம் எறக்கு." எதிராளி இறக்குவான். அடிப்பான். புள்ளி எடுப்பான். அண்ணன்தான் முதலில் கைதட்டுவார்.

இத்தனைக்கும் மேலாக ஒரு பாடம் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

"நடுவுல போடு கிராணி. ஓரத்துல போட்டா யாருதுன்னு தெரிஞ்சு போகும். ரெண்டு நல்ல ஆளுங்களுக்கு நடுவுல போட்டுப் பாரு. இவன் எடுப்பான்னு அவன் நிப்பான், அவன் எடுப்பான்னு இவன் நிப்பான். பந்து கீழ. அப்புறம் குடும்பமே பிரியும்."

நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

அவருடைய ஜோடி, அண்ணியின் மூத்த அண்ணன். எங்கள் ரோட்டிலேயே தையல் கடை. ஆடும்போதுகூட அளவு நாடா கழுத்தில் தொங்கும். மெஷின் மிதிக்கிற வேகத்திலேயே காலும் ஓடும். மச்சான் ஓட, மாப்பிள்ளை நடக்க, இரண்டு வருஷத்துக்கு முன்வரை அவர்களை யாரும் தோற்கடித்ததில்லை. பிறகு ஒரு தீபாவளி ஆட்டத்தில், கடைசிப் புள்ளிக்கு, இருவருக்கும் நடுவில் ஒரு பந்து வந்தது. இருவரும் விட்டார்கள்.

"உங்க பந்து மாப்ளே அது."

"உங்களுது மச்சான்."

தையற்காரர் கழுத்து நாடாவை உருவி அளந்தார். பந்து விழுந்த இடத்திலிருந்து அவர் கால் வரை ஐந்தடி ஒன்றரை அங்குலம். அண்ணன் கால் வரை, அதே ஐந்தடி ஒன்றரை அங்குலம். அரை அங்குலம் கூடக் குறைய இருந்திருந்தால் யாராவது ஒருவர் தலைகுனிந்து, சிரித்து, கோப்பி குடிக்கப் போயிருப்பார்கள். நாடா நியாயமாக நடந்துகொண்டது; பேச்சு நின்றுபோனது.

பேச்சுதான் நின்றது, ஜோடி நிற்கவில்லை. ஜோடியை முறித்தவர் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று இருவருமே நினைத்தார்கள். தினமும் ஒரே பக்கம் நின்று ஆடினார்கள், என் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். வலைக் கம்பத்தருகே மண்ணெண்ணெய் டின்னில் உட்கார்ந்து புள்ளி எழுதுவது என் வேலை. அதோடு இதுவும் சேர்ந்தது.

"கிராணி, அவருகிட்ட சொல்லுங்க, இடப்பக்கம் நிக்கிறவருக்குத்தான் நடுப்பந்து கைவசம் வரும்," என்பார் தையற்காரர்.

"அவரு இப்ப எந்தப் பக்கம் நிக்கிறாருன்னு கேளு கிராணி."

"பார்த்தாத் தெரியாதான்னு கேளுங்க."

"பார்க்கிறதில்லைன்னு சொல்லு."

நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பந்துகள் விழுந்திருக்கும்.

வேடிக்கை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். அண்ணனுக்கு ஒரே பெண் குழந்தை. நாங்கள் பாப்பா என்போம். காது குத்த வேண்டும். ஒற்றைப்படை வயதில் குத்துவது வழக்கம். முதல் வயதில் அம்மை வந்தது. மூன்றாவது வயதைச் சண்டை தின்றது. ஐந்தாவதும் முடியப் போகிறது. காது குத்த தாய்மாமன் மடி வேண்டும். தாய்மாமன் மடிக்கு, தகப்பன் நேரில் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, வாய் திறந்து அழைக்க வேண்டும். வாய் திறந்து. அங்கேதான் வண்டி நின்றது.

"கிராணியை அனுப்புறேன்," என்றாராம் அண்ணன்.

"காது குத்தற அழைப்பா, புள்ளிக் கணக்கா?" என்று கேட்டாராம் அண்ணி.

ஒருநாள் கால்சட்டை தைக்க அளவு கொடுக்கப் போயிருந்தேன். தையற்காரர் பொத்தான் டப்பாவைத் துழாவியபோது, பொத்தான்களுக்கு நடுவில் ஒரு ஜோடிச் சின்னத் தோடு மின்னியது. சிவப்புக் கல். துக்காங் எமாஸ் ரோட்டுத் தட்டார் கடையில் செய்ததாக இருக்கும்.

"யாருக்கு அண்ணே?"

"கையைத் தூக்குங்க கிராணி," என்றார். கால்சட்டைக்குக் கை அளவு எதற்கென்று நான் கேட்கவில்லை.

மெர்டேக்கா வந்தது, நாடு எண்ணிக் காத்திருந்த சுதந்திர நாள். கொண்டாட்டத்துக்கு, கம்பங்களுக்கிடையே ஜோடி ஆட்டம். இறுதி ஆட்டம் எங்கள் களத்தில், எங்கள் அண்ணன்-மச்சான் ஜோடிக்கும் தெங்கேரா கம்பத்துக்கும். தெங்கேரா ஜோடி, மலாய் பேசும் சீனர்களான இரண்டு பாபா சகோதரர்கள். ஒரு நொடிகூட வாய் மூடாதவர்கள். பந்து வந்தால் ஒருவர் "குவா" என்பார், நான் எடுக்கிறேன் என்று. மற்றவர் "லூ" என்பார், நீ எடு என்று. இப்படிக் கூவி ஆடச் சொல்லிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மாதமாக ஞாயிறுதோறும் அண்ணன்தான் தெங்கேராவுக்கு சைக்கிளில் போய்க் கற்றுக்கொடுத்தார்.

"எதிராளிக்கு ஏன் அண்ணே?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டே ஆடுறாங்க கிராணி," என்றார். "பார்க்க ஆசையா இருக்கு."

அன்றைக்கு ரோலருக்குக் கொடி கட்டி, பூச்சுற்றி, மேற்கே நிறுத்தியிருந்தார். தென்னை மரங்களில்கூட ஆட்கள். செட்டி மாமா நடுவர். உயரமான முக்காலியில், மடிப்புக் கலையாத சட்டையில். ஆட்டம் தொடங்கியது. சகோதரர்கள் முதல் பந்தை நடுவில் போட்டார்கள். இரண்டாவதையும். மூன்றாவதையும். படித்த பாடத்தை ஒரு வரி விடாமல் ஒப்பித்தார்கள். இந்தப் பக்கம் இரண்டு ஊமைகள் நடுவில் விழும் பந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பந்து விழும்போதும் அண்ணன் தலையாட்டி, "பாகுஸ்" என்று பாராட்டினார். பதினொன்றுக்கு மூன்று.

இடைவேளையில் அண்ணி இடுப்பில் பாப்பாவும் கையில் சிரப் தண்ணியுமாக வந்தார். கணவரையும் பார்க்கவில்லை, கூடப்பிறந்தவரையும் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்துச் சொன்னார்:

"மனுசங்ககிட்ட பேச வேணாம். ரெண்டு பேரும் இதுகிட்ட பேசுங்க. இதுமேல யாருக்கும் கோவம் இல்லையே."

அடுத்த பந்து நடுவில் வந்தது. தையற்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏ பந்து, நீ என்கிட்ட வா" என்றார். எடுத்தார். அடுத்தது உயரமாக வந்தது. அண்ணன், "பந்தே, நீ அங்கிட்டே போயிரு, நான் முன்னால பார்த்துக்கிறேன்" என்றார். தையற்காரர் ஓடி அடித்தார். திரும்பி வந்ததை அண்ணன் வலையோரம் பூவாக வைத்தார். "கொஞ்சம் தள்ளி வா பந்தே." "பந்தே, இது உனக்கே நியாயமா?" செட்டி மாமாவுக்கு இது என்னவென்று புரியவில்லை. அவருக்குத் தமிழ் என்றால் பூசை. மந்திரம் சொல்கிறார்கள் என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் முக்காலியிலிருந்தே கைகூப்பினார்.

பதினான்குக்குப் பதினான்கு. எங்கள் கம்பத்துச் சட்டப்படி அடுத்த புள்ளி எடுத்தவருக்கு ஆட்டம்.

கடைசிப் பந்து ஏறியது. தென்னங்கீற்றுக்கு மேலே, வெயிலுக்குள்ளே, வெள்ளையாக, அவசரமே இல்லாமல். பிறகு இறங்கத் தொடங்கியது, இரண்டு வருஷத்துக்கு முன் விழுந்த அதே இடத்தைத் தேடிக்கொண்டு. தையற்காரர் மேலே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார். பந்தோடு பேச வேண்டும் என்பதையே மறந்துவிட்டார்.

"மாப்ளே, உங்களுது."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். பந்தை இல்லை, மச்சானை. முகத்துக்கு முகம், பேட்டு தரையைத் தொட, சின்னப் பிள்ளைபோலப் பார்த்தார். பந்து அவர் தோளில் விழுந்து, முதுகில் சறுக்கி, தரைக்கு வந்தது.

தெங்கேரா ஜெயித்தது.

"என்னையா கூப்பிட்டீங்க?" என்றார் அண்ணன்.

"எனக்கு வேற எத்தனை மாப்பிள்ளை இருக்காங்க? பந்தைப் பார்க்க வேண்டியதுதானே."

"கூப்பிட்டாத் திரும்பாம எப்படி மச்சான் இருக்கிறது?"

பழக்கதோஷத்தில் இதைக் கொண்டுபோய்ச் சொல்ல டின்னிலிருந்து எழுந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. என் உத்தியோகம் போய்விட்டது என்று புரிந்து, மறுபடியும் உட்கார்ந்தேன்.

அண்ணன் குனிந்து பந்தை எடுத்தார். பேட்டைப் படுக்கையாகப் பிடித்து, அதன் நடுவில் பந்தை வைத்து, இரண்டு கையாலும் தாம்பாளம்போல நீட்டினார்.

"பாப்பாவுக்குக் காது குத்தணும். உங்க மடி வேணும் மச்சான்."

தையற்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கழுத்து நாடாவால் கண்ணைத் துடைத்தார். "அன்னிக்கு விழுந்ததும் என் பந்துதான்" என்றார்.

"இல்ல மச்சான், என்னுது."

"என்னுதுன்னு சொல்றேன்ல."

"நீங்க எப்படிச் சொல்லலாம்?"

குரல் ஏறுவதைக் கேட்டு, அண்ணி மிச்சமிருந்த சிரப் தண்ணியோடு ஓடிவந்தார்.

அடுத்த வாரமே பிள்ளையார் கோயிலில் காது குத்து. மச்சான் மடியில் பாப்பா, பொத்தான் டப்பாவிலிருந்து எழுந்துவந்த தோடு, அண்ணன் ஓட்ட, ஊர்வலம் ரோலரில். நடந்து போன நாங்கள் கோயிலுக்குப் போய், கும்பிட்டு, சுண்டல் சாப்பிட்டு, கை கழுவியும் ஆயிற்று. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது தெருமுனையில் ரோலரின் மூக்கு தெரிந்தது. முன்னால் தெங்கேரா சகோதரர்கள் கைவீசி வழி ஒதுக்கிக்கொண்டு வந்தார்கள்.

அண்ணன் கண்ணை மூடி ஏழெட்டு வருஷம் ஆகிறது. இப்போது ஆயர் குரோ பக்கம் புதிது புதிதாகச் சாலை போடுகிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் சில நாட்களில் எனக்கு முன்னால் ஒரு ரோலர் போய்க்கொண்டிருக்கும். பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கும். வலப்பக்கம் தாராளமாக வழி இருக்கும். நான் காரை மெதுவாக்கி, அதன் பின்னாலேயே போகிறேன். முந்த மனம் வருவதில்லை.