கொர்னேல் என்னும் உத்தமத் தகப்பன்

பர்னபாஷ் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அந்தப் பாழாய்ப்போன பெயர் முதல்முறையாக அவன் வீட்டுக்குள் நுழைந்தது.

புடாபெஸ்டில் லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். வாரம் முழுக்க ஊரையே மேலே ஏற்றிவிடுகிற மனிதன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோபாவை விட்டு அரை அடிகூட மேலே எழுந்திருக்க மாட்டான். வயிற்றுக்குள்ளே மிளகாய்த்தூள் மணக்கும் கோழிக் குழம்பு, வயிற்றுக்கு மேலே போர்வை, எதிரே டி.வி.யில் கால்பந்து. சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அது மூன்று பேர் உட்காரும் அளவில்தான் இருக்கும் என்பது அவனுடைய திடமான நம்பிக்கை.

அப்போது மனைவி இல்திகோ வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள்.

"எமோகே வீட்டுக்காரர் இன்னிக்குப் பிள்ளைங்களை மார்கிட் தீவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காராம்."

"யாரு எமோகே?"

"என்கூட வேலை பார்க்கறாளே, அவதான். அவ புருஷன் கொர்னேல்."

"போகட்டும். நல்லா இருக்கட்டும்."

"நாலு பேர் சேர்ந்து மிதிக்கிற வண்டியாம். இவர் ஒருத்தரே தீவு முழுக்க மிதிச்சாராம்."

"கால் வலிக்கும்."

"பாட்டுப் பாடிக்கிட்டே மிதிச்சாராம்."

"தொண்டையும் வலிக்கும்" என்று சொல்லி டி.வி. சத்தத்தைக் கூட்டினான் பர்னபாஷ். ஆனால் அதற்கப்புறம் யார் கோல் போட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

இல்திகோவுக்கு ஒரு பல் வைத்தியரிடம் வேலை. வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எந்த இடத்தில் தட்டினால் வலிக்கும் என்று சொல்லிவிடுவாள்.

கொர்னேலை பர்னபாஷ் ஒரே ஒருமுறை, வைத்தியர் கொடுத்த கிறிஸ்துமஸ் விருந்தில் பார்த்திருந்தான். உயரம். தலையில் இரண்டு பேருக்குப் போதுமான முடி. பர்னபாஷின் முடியோ அவனோடு மனஸ்தாபம் கொண்டு நெற்றிப் பக்கமிருந்து பின்வாங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே அவனுக்குக் கொர்னேலைப் பிடிக்காமல் போயிற்று. காரணம் பிறகு கிடைக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தான். இப்போது கிடைத்துவிட்டது.

அதன் பிறகு அந்த வீட்டில் உப்பு இல்லாத சாப்பாடு உண்டு, கொர்னேல் இல்லாத சாப்பாடு கிடையாது. கொர்னேல் பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போனார். கொர்னேல் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிக் கதை சொன்னார். கொர்னேல் தூங்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு அக்கார்டியன் வாசித்தார்.

"ஒட்டகச்சிவிங்கியும் அவனும் ஒரே உயரம். உறவுக்காரங்களைப் பார்க்கப் போயிருப்பான்" என்றான் பர்னபாஷ்.

"உனக்குப் பொறாமை."

"எனக்கா? அந்தக் கர்னல் மேலயா?"

"கர்னல் இல்லை. கொர்னேல்."

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் அடுத்தவன் வீட்டு மேல படையெடுக்கும்!"

இதெல்லாம்கூட அவனை அசைத்திருக்காது. அசைத்தது மகள்தான். ஏழு வயது லில்லா ஒருநாள் காலையில் சமையலறையில் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் கொர்னேல் மாமாவை நாம கடனா வாங்கிக்க முடியுமா?"

"அவங்க பிள்ளைங்களுக்கு அப்பா வேணாமா கண்ணு?"

"நம்ம அப்பாவை அங்க குடுத்துடலாமே. அவங்க வீட்டுலயும் சோபா இருக்கும்ல?"

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பர்னபாஷுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கம்பி அறுந்தது. லிஃப்ட் கம்பி அறுந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அன்று முழுவதும் வேலையில் மனம் ஒட்டவில்லை. தான் பெற்ற பெண், வேறொருவனை அப்பாவாகக் கேட்கிறாள். அதுவும் முடியுள்ள ஒருவனை!

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அறிவித்தான்.

"இந்த ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களைப் படகுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நிஜமாவா? உனக்கு முதுகு வலிக்குமே பர்னி."

"கொர்னேலுக்கு முதுகே இல்லையா?"

"நீ சொன்னா சரி" என்றாள் இல்திகோ ரொம்ப அடக்கமாக. "எனக்கு மலை மாதிரி இஸ்திரி கிடக்கு. நான் வீட்டிலேயே கிடக்கறேன்."

நகரப் பூங்கா ஏரியில் மிதிபடகு எடுத்தான். ஒரு பக்கம் அவன் மிதித்தான். மறுபக்கம் மிதிக்க வேண்டிய லில்லா வாத்துகளோடு பேசிக்கொண்டிருந்தாள். நாலு வயது மார்ட்சி தூங்கிவிட்டான். ஒரு பக்கம் மட்டும் மிதித்த படகு, செக்குமாடுபோல ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆனாலும் லில்லா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெற்றி வீரனாக வீடு திரும்பினான் பர்னபாஷ்.

வீட்டில் இல்திகோ முகமெல்லாம் ரோஜாப்பூ மாதிரி, தலைமுடி ஈரமாக உட்கார்ந்திருந்தாள். இஸ்திரிப் பெட்டியின் ஆவி அவ்வளவு என்றாள்.

"படகு எப்படி இருந்துச்சு?"

"கொர்னேலால நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது."

"ஆமாமா, அவர் இன்னிக்குப் படகெல்லாம் விடலை. பிள்ளைங்களை மலைமேல இருக்கிற பிள்ளைகள் ரயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாராம்."

அடுத்த வாரம் பர்னபாஷ் அந்த ரயிலில் இருந்தான். டிக்கெட் பார்ப்பதிலிருந்து கொடி காட்டுவதுவரை எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிற ரயில் அது. சிவப்புத் தொப்பி வைத்த ஒரு குட்டிப் பெண் வந்து அவனுக்கு விறைப்பாகச் சல்யூட் அடித்துவிட்டு, "ஐயா, எதிர் இருக்கையிலிருந்து காலை எடுங்க" என்றாள். எடுத்தான். வீட்டில் அந்தக் கதையைச் சொல்வதற்குள், கொர்னேல் பட்டம் விட்ட செய்தி முந்திக்கொண்டது. அதற்கடுத்த வாரம் பட்டம் விட்டான். அவன் விட்ட பட்டம் மரத்தில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க ஏறியவனும் மாட்டிக்கொண்டான்.

கோடை முழுக்க இப்படி ஓடியது. சோபாவில் அவன் படுத்த பள்ளம் தானாக நிரம்பி மேடாகிவிட்டது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புடா மலை உச்சியின் புல்வெளியில், தூரத்தில் ஓர் உயரமான உருவத்தைப் பார்த்தான். மரத்தடியில் அலங்கோலமாகக் கிடந்தது அது. தலையெல்லாம் சருகு. வயிற்றின்மேல் இரண்டு பையன்கள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

கொர்னேல்!

பர்னபாஷ் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"லில்லா, மார்ட்சி! சிரிங்க!"

"எதுக்குப்பா?"

"சந்தோஷமா இருக்கீங்கல்ல? சத்தமா இருங்க!"

சொல்லிக்கொண்டே மார்ட்சியைத் தூக்கித் தோளில் வைத்தான். கொர்னேல் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் துள்ளி எழுந்து, இரண்டு பையன்களையும் இரண்டு தோளிலும் ஏற்றினான். பர்னபாஷ் குதிரை மாதிரி கனைத்தபடி ஓடினான். கொர்னேல் கனைத்ததோடு எட்டி உதைக்கவும் செய்தான். பர்னபாஷ் பிள்ளையை இறக்கிவிட்டு ஒரு குட்டிக்கரணம் போட்டான். கொர்னேலும் பையன்களை இறக்கிவிட்டு இரண்டு போட்டான். மலைச்சரிவில் பர்னபாஷ் உருண்டான். பின்னாலேயே கொர்னேலும் உருண்டான். இரண்டு பேரும் ஒரே முள் புதரில் போய் ஒருவர்மேல் ஒருவராக முடிந்தார்கள்.

மூச்சு வாங்க, முதலில் பேசியது கொர்னேல்தான்.

"பர்னபாஷ் சார்... உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். கொஞ்சம் நிறுத்திக்கங்க."

"நானா? நீங்கதானே ஆரம்பிச்சது!"

"நான் எதை ஆரம்பிச்சேன்? தினமும் சாப்பாட்டுல உட்கார்ந்தா 'பர்னபாஷைப் பாரு, பர்னபாஷைப் பாரு'ன்னு எமோகே உயிரை எடுக்கறா. சனிக்கிழமை ஆனா பிள்ளைங்களோட உட்கார்ந்து ரொட்டி சுடறீங்களாமே?"

"எனக்கு அடுப்பு எந்தப் பக்கம் பத்தும்னே தெரியாது! நீங்க ராத்திரியில அக்கார்டியன் வாசிக்கறீங்கன்னு..."

"எனக்கு விசில்கூட அடிக்க வராதுங்க!"

"மார்கிட் தீவு? பாட்டுப் பாடிக்கிட்டே வண்டி மிதிச்சது?"

"நீங்க மிதிச்சீங்கன்னு சொன்னதாலதான் நான் மிதிச்சேன். முட்டி இன்னும் மடங்கலை."

முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்த இரண்டு கைகளும் அப்படியே நின்றன. இருவரும் ஒன்றாகத் தொலைபேசியை எடுத்தார்கள்.

"இல்தி, எங்க இருக்கே?"

"வீட்டுலதான். இஸ்திரி போட்டுக்கிட்டு."

தொலைபேசியில் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர் "செக்!" என்று கத்தினார். தொடர்ந்து தண்ணீர் தளும்பும் சத்தம். பக்கத்தில் கொர்னேலின் தொலைபேசியிலும் அதே கிழவர், அதே "செக்!", அதே தளும்பல். இடுப்பளவு வெந்நீரில் நின்றுகொண்டு கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிற இடம் அந்த ஊரில் வெந்நீர்க் குளியலகம்தான்.

"யாரு அது கத்தறது?"

"ரேடியோ" என்றாள் இல்திகோ.

"ரேடியோ" என்றாள் எமோகேயும்.

இருவரும் புல்லில் சாய்ந்து வானத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகள் நாலு பேரும் அதற்குள் ஒட்டிக்கொண்டு புதரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"போய் ஒரு பிடி பிடிச்சிடறேன்" என்றான் கொர்னேல்.

"பிடிக்காதே. கேட்டா அழுவாங்க. அழுதா நாமதான் மன்னிப்புக் கேட்கணும்" என்றான் பர்னபாஷ். புதருக்குள் விழுந்தவர்களுக்குள் மரியாதை எதற்கு? "அவங்க வெச்ச வெடியையே அவங்க பக்கம் திருப்புவோம். நான் உன் பொண்டாட்டியைப் புகழறேன். நீ என் பொண்டாட்டியைப் புகழு. வயிறு எரியறதுன்னா என்னன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்!"

கொர்னேல் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். இத்தனை நாள் வெறுத்த கை. நல்ல அகலமான, அன்பான கையாகத்தான் இருந்தது.

அன்றிரவுச் சாப்பாட்டிலேயே பர்னபாஷ் ஆரம்பித்தான்.

"இன்னிக்கு மலையில கொர்னேலைப் பார்த்தேன். எமோகே மாதிரி ஒரு மனைவி அமையக் குடுத்து வெச்சிருக்கணும்."

"அப்படியா?"

"பிளம் பழம் வெச்சுக் கொழுக்கட்டை குடுத்தனுப்பியிருந்தா. ஒவ்வொண்ணும் பஞ்சு! வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டரும் பின்னி... முகத்துல ஒரு களைப்பு இல்லையாம்."

ஓரக்கண்ணால் பார்த்தான். இல்திகோவின் முள்கரண்டி நடுவழியில் நின்றது. பர்னபாஷின் உள்ளம் குளிர்ந்தது. பட்டது! சரியான இடத்தில் பட்டது!

"பாவம், எமோகே" என்றாள் இல்திகோ மெல்ல. அவ்வளவுதான்.

வாரம் முழுக்க அவன் விடவில்லை. எமோகே வீட்டு ஜன்னல் திரை, எமோகே வைத்த சூப், எமோகேயின் பொறுமை. அந்தப் பக்கம் கொர்னேலும் இல்திகோவின் பொறுமையைப் புகழ்ந்துகொண்டிருந்தான். அதற்கு நிறையக் கற்பனை தேவைப்பட்டது என்று பின்னால் ஒப்புக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பர்னபாஷ் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒரு பெட்டி நின்றது. பக்கத்தில் தொப்பி வைத்துக்கொண்டு இல்திகோ நின்றாள்.

"நீ சொன்னது மனசுல தைச்சிடுச்சு பர்னி."

பர்னபாஷ் பயந்துபோனான். அளவு மீறிவிட்டோமோ? பிறந்த வீட்டுக்கே கிளம்பிவிட்டாளோ?

"இல்தி, நான் சும்மா... அந்தக் கொழுக்கட்டை அப்படி ஒண்ணும் பஞ்சு இல்லை..."

"இல்லைப்பா, நீ சொன்னது சரிதான். எமோகே அப்படி உழைச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்? அவ வீட்டுக்காரரும் என்னைப் பத்தி இதையேதான் சொன்னாராம். எங்க அருமை உங்க ரெண்டு பேருக்கும் இவ்வளவு தெரிஞ்சிருக்கும்போது நாங்க ஓய்வெடுக்காம இருந்தா அது உங்களுக்குத்தானே அவமானம்? அதான் ரெண்டு பேரும் பாலட்டோன் ஏரிக்குக் கிளம்பிட்டோம். திங்கக்கிழமை வந்துடுவோம்."

"பிள்ளைங்க?"

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கொர்னேல் நின்றான். இரண்டு கையிலும் இரண்டு பையன்கள். கக்கத்தில் தலையணை. முகத்தில் ரத்தம் இல்லை. அவனுக்குப் பின்னால், முகத்தில் துளிக்கூடக் களைப்பில்லாத எமோகே கை அசைத்தாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் வீடு போர்க்களமாகிவிட்டது. சோபா கப்பலாக மாறியிருந்தது. நாலு பிள்ளைகளும் மாலுமிகள்; இரண்டு அப்பாக்களும் தரையில் கிடந்த திமிங்கிலங்கள்.

"இனிமே அவங்க யாரைப் புகழ்ந்தாலும் நாம அசையக்கூடாது" என்றான் கொர்னேல், ஒரு மாலுமி முதுகின்மேல் ஏறி நிற்க.

"அசையவே கூடாது" என்றான் பர்னபாஷ். "நாம என்ன சின்னப் பசங்களா?"

அப்போது தொலைபேசி மினுங்கியது. ஏரிக்கரையில் சாய்வு நாற்காலிகளில் மூன்று பெண்கள் படுத்திருக்கும் படம். கீழே இல்திகோ எழுதியிருந்தாள்: "இங்கே எங்களுக்கு ஒரு புதுத் தோழி கிடைச்சிருக்கா. அவ வீட்டுக்காரர் பேரு ஒத்மார். பிள்ளைங்களுக்காக மரத்து மேல தன் கையாலயே ஒரு வீடு கட்டியிருக்காராம்!"

இருவரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

பிறகு பர்னபாஷ் தொலைபேசியை மெதுவாக எடுத்து, ஒற்றை விரலால் பதில் தட்டினான்:

"ஒரு மாடியா, ரெண்டு மாடியா?"