சொந்தக் கையால் பார்த்த பட்டி

ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

ஹார்லன் ஓக்லி அதை அப்படியே விட்டுவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். அறுபத்தொன்பதாம் வருஷத்து மஸில் கார், பெரிய இஞ்சின் வைத்த பழைய அமெரிக்க வண்டி. இடது பின்சக்கரத்துக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கொப்புளம் தெரிந்தது. துரு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று லேசாகக் குத்திப் பார்க்கலாம் என்றுதான் குத்தினார். இப்போது காருக்கு இடுப்பில் ஒரு கைப்பிடி முளைத்திருந்தது.

"சின்ன ஓட்டைதானே. வெட்டிட்டு ஒரு துண்டு வெச்சுட்டா முடிஞ்சுது" என்றார்.

அவர் மனைவி ஜோலீன், துணி உலர்த்தும் மெஷினிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் காரும் மெஷினும் ஒரே ஷெட்டில்தான் குடித்தனம் நடத்தின.

"யார்கிட்ட சொல்றே?"

"கார்கிட்ட."

"அது நம்பின மாதிரி தெரியலையே. பேசாம ஒரு பட்டறைல விட்டுடேன், ஹார்லன்."

ஹார்லன் கதவுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மெதுவாப் பேசு. யார் காதுலயாவது விழப்போகுது."

இந்தியானா மாநிலத்தில் எங்கள் ஹாலோவே ஊரில் பட்டறை என்பது கெட்ட வார்த்தை. காரணம், சொந்தக்கை மஸில் கார் சங்கம். சனிக்கிழமை காலைகளில் மெயின் ரோடு சாப்பாட்டுக் கடையில் கூடுவார்கள். இஞ்சினை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், சீட்டுக்கு யார் வேண்டுமானாலும் உறை தைக்கலாம், தகரம் மட்டும் அவரவர் கையால் தட்டி, பட்டி பார்த்து, தேய்த்ததாக இருக்க வேண்டும். இதுதான் சங்கத்தின் ஒரே சட்டம்.

போன வருஷம் லாயிட் என்கிற அப்பாவி, சூடான டோனட் சாப்பிடுகிற சுகத்தில், முன்பக்க மட்கார்டு ஒன்றைப் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தியதாக உளறிவிட்டார். அன்றைக்கே நீக்கிவிட்டார்கள். தீர்மானம் கொண்டுவந்தது வேறு யாருமில்லை, ஹார்லன்தான். "இன்னிக்கு மட்கார்டு, நாளைக்கு பானெட், அப்புறம் நமக்கும் காரைக் காசு கொடுத்து வாங்கறவனுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அவர் கேட்ட கேள்விக்குத் தலைவர் பர்டெட் எழுந்து நின்று கை தட்டினார். லாயிட் பாதி டோனட்டை வைத்துவிட்டுப் போனார்.

ஹார்லன் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான் நாள். மற்றதெல்லாம் அதற்குக் காத்திருப்பது. அந்த மேஜையில் தனக்கு நாற்காலி இல்லாமல் போனால் என்ன செய்வது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. போதாக்குறைக்கு, ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் இந்த வருஷம் முதலில் போகப்போவது அவருடைய கார். அதற்கு முந்தின சனிக்கிழமை எல்லோரும் அதைச் சுற்றி வந்து தடவிப் பார்ப்பார்கள்.

ஆகவே வெட்டினார். துருவை வெட்டினால் பக்கத்தில் இன்னும் துரு. நல்ல தகரம் வருகிறவரைக்கும் வெட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் வந்தபோது, ஓட்டை வழியாக எதிர்வீட்டுப் பூனை போய் வந்துகொண்டிருந்தது.

புதுத் துண்டை வைத்து வெல்டிங் செய்தார். ஒரு பொட்டு வைத்து, ஆறவிட்டு, இன்னொரு பொட்டு வைக்க வேண்டும். ஹார்லனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரே மூச்சில் சுற்றி வந்தார். சூட்டில் தகரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது.

சுத்தியலால் தட்டினார். இங்கே தட்டினால் அங்கே "டொக்" என்று புடைத்தது. அங்கே தட்டினால் இங்கே "டொக்".

"ஏன் அது பதில் சொல்லுது?" என்றாள் ஜோலீன்.

"பட்டி பார்த்தா அடங்கிடும்."

முதல் கலவையில், பட்டியை இறுகவைக்கிற அந்தச் சிவப்பு ஹார்டனர் கொஞ்சம் அதிகம். பலகையில் கலந்து, காரை நோக்கித் திரும்புவதற்குள் பட்டி கல்லாகிவிட்டது, நடுவில் கரண்டி கொடிக்கம்பம் போல நட்டுக்கொண்டு. இரண்டாவது கலவையில் ஹார்டனர் கொஞ்சம் குறைவு. அது மறுநாள் வரைக்கும் இறுகவே இல்லை. உப்புத்தாளை வைத்தால் அல்வாவாக ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது கலவை சரியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் டப்பா முழுவதையும் பூசிவிட்டார்.

அப்புறம் தேய்ப்பு. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டியதை வெறும் கையால் தேய்த்தார். விரல் பட்ட இடமெல்லாம் பள்ளம். பள்ளத்தை நிரப்பப் பட்டி, பட்டியைக் குறைக்கத் தேய்ப்பு, தேய்த்த இடத்தில் பள்ளம். ரோஜா நிறத்தில் தூள் பறந்து ஷெட்டை நிறைத்தது.

நடுவில் தலைவர் பர்டெட்டிடமிருந்து போன்.

"எப்படிய்யா போகுது?"

"பிரமாதம்" என்றார் ஹார்லன், மூக்கைத் துடைத்தபடி. கைக்குட்டையும் ரோஜா நிறமானது.

"கையாலதானே தேய்க்கறே?"

"பின்னே, காலாலயா?"

"சும்மா கேட்டேன். என் காருக்குத் தேய்ச்சப்ப ஒரு மாசம் தோளைத் தூக்க முடியலை. ஆனா அந்த வலி இருக்கு பாரு, அதுதான்யா நம்ம சங்கம். அந்த லாயிட் பயலுக்கு அது எங்க புரியப்போகுது?"

"அவன் கெடக்கான்" என்றார் ஹார்லன். போனை வைத்தபோது அவருக்கு ஏனோ கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பர்டெட்டின் கார் கதவில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அந்த மனுஷனும் இதே இரண்டு கையை வைத்துக்கொண்டுதானே செய்தார்?

திரும்பி ஷெட்டுக்குள் வந்தபோதுதான் கொடியில் தொங்கியவற்றைக் கவனித்தார். சர்ச் பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள். ஞாயிற்றுக்கிழமைக்காக ஜோலீன் துவைத்து, கஞ்சி போட்டு மாட்டி வைத்தவை. இப்போது அவை வெள்ளையாக இல்லை.

ஜோலீன் கடைக்குப் போயிருந்தாள். ஹார்லன் அங்கிகளை உதறினார். தூள் இன்னும் நன்றாகத் துணியில் ஏறியது. ஈரத்துணியால் துடைத்தார். தூள் இப்போது சாயம் மாதிரி ஊறியது. வாசலில் அவள் கார் சத்தம் கேட்டதும், எல்லாவற்றையும் சுருட்டி மஸில் காரின் டிக்கியில் திணித்து மூடினார். அவள் தங்கை வீட்டுக்குப் போகிற சமயம் பார்த்து அலசிவிடலாம் என்பது திட்டம்.

டிக்கியை மூடிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தபோது இன்னொரு விஷயம் உறைத்தது. கார் ஒருபக்கமாக வீங்கியிருந்தது. பட்டி பார்த்த இடது பக்கம், பின்பாக்கெட்டில் தடிமனான பர்ஸ் வைத்த ஆள் மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது.

இடது பக்கத்தைத் தேய்த்துக் குறைத்திருக்கலாம். குழந்தைக்குக்கூடத் தோன்றும். ஆனால் ஹார்லனுக்குத் தோள் வலி. ஆகவே, வலது பக்கத்திலும் அதே அளவுக்குப் பட்டி வைத்துவிட்டார்.

தாராளமாகத்தான் வைத்தார். மிச்சமிருந்ததை மேலே வழித்துவிட, அது டிக்கி மூடியின் இடுக்கில் சுற்றிலும் இறங்கி, இந்த முறை மிகச் சரியாக இறுகியது.

சனிக்கிழமை சாயங்காலம் ஜோலீன் கேட்டாள். "அங்கியெல்லாம் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"பத்திரமான்னா?"

"யாராலயும் திருட முடியாத இடத்துல."

"ஹார்லன், என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

ஹார்லன் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார்.

டிக்கி கடைசியில் திறந்தது. மூடியின் ஒரு மூலை நாய்க்காது மாதிரி மடிந்துகொண்டது. இரண்டு பக்கத்துப் பட்டியும் பெயர்ந்து, ஆளுக்கொரு பெரிய தட்டாகத் தரையில் விழுந்தது. அத்தனை நாள் உழைப்பும் காலடியில் கிடந்தது. அதைக்கூட ஹார்லன் பொறுத்துக்கொண்டார். ஜோலீன் ஒரு அங்கியை விரித்துப் பிடித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாளே, அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் பாடகர் குழு ரோஜா நிறத்தில் நின்று பாடியது. புற்றுநோய் விழிப்புணர்வு மாதிரி ஏதோ நல்ல காரியத்துக்காகத்தான் இந்த நிறம் என்று நினைத்துச் சபையே எழுந்து நின்று கை தட்டியது. இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். ஜோலீன் எல்லோருக்கும் தலை வணங்கினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொன்னாள்:

"இன்னும் ஒரே ஒரு டப்பா பட்டி அந்த ஷெட்டுக்குள்ள வந்துதுன்னா, அதைக் கலக்கி உன் மேல பூசி வெயில்ல காய வெச்சுடுவேன்."

"அப்ப கார்?"

"வர்ற சனிக்கிழமை இப்படியே கொண்டுபோய்த் தடவிப் பார்க்கச் சொல்லு எல்லாரையும். இல்லேன்னா பட்டறைல விடு. ரெண்டுல ஒண்ணு."

ஹார்லன் ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டார். காரை இப்படியே கொண்டுபோனால் ஆயுசுக்கும் சிரிப்பார்கள். பட்டறைக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டால் நாற்காலி போகும். சிரிப்பையாவது தாங்கிக்கொள்ளலாம், நாற்காலி போவதைத் தாங்க முடியாது. ஆனால் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் இரண்டுமே இல்லை. திங்கட்கிழமை விடிந்ததும் காரை டிரெய்லரில் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டினார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். மருமகன் விட்டுப்போன மீன்பிடித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போறியா?" என்றாள் ஜோலீன்.

மெயின் ரோட்டைத் தவிர்த்து, சோளக்கொல்லைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு போனார். மாநில எல்லையைத் தாண்டினால் ஒஹையோ. தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. எல்லையைக் கடந்ததும் முதலில் கண்ணில் படுகிற பட்டறையில் விடுவது என்று முடிவு.

வழியெல்லாம் லாயிட் ஞாபகம். அந்த ஆள் ஒரே ஒரு மட்கார்டைத்தான் கொடுத்தார். கொடுத்ததை மறைக்கவும் இல்லை. அவரைத் துரத்திவிட்டு இன்றைக்கு முழுக் காரையும் கொண்டுபோகிறோமே என்று ஹார்லனுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார். ஊர்வலம் முடிந்த பிறகு கேட்கலாம் என்றும் நினைத்தார்.

எல்லையைத் தாண்டி ஒரு மைலில் பட்டறை வந்தது. முன்மேஜையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பேர்?"

ஹார்லன் தொண்டையைச் செருமினார். "ஸ்மித்."

அவள் மெல்லுவதை நிறுத்தி ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி மெல்ல ஆரம்பித்தாள்.

வெளியே, டிங்கர் வேலை பார்க்கிற தடித்த ஆள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து நெடுநேரம் விசிலடித்தான். "என்ன சார் ஆச்சு இதுக்கு?"

"நான் வாங்கும்போதே இப்படித்தான். முன்னாடி வெச்சிருந்தவன் ஒரு மடையன்."

"மடையனா? கொம்பு மொளைச்ச மடையன் சார். இந்த வெல்டிங்கைப் பாருங்க. எங்க மாமியார் பின்ற ஸ்வெட்டர்கூட இதைவிட நேரா இருக்கும்."

"ரொம்பத் திட்டாதீங்க. பாவம், யாரோ."

"இல்ல சார், ஒண்ணு சொல்லணும். நல்ல உழைப்பாளி. சும்மா ஒக்காந்திருக்கறவனால இவ்வளவு கெடுக்க முடியாது."

இதற்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று ஹார்லனுக்குப் புரியவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகுமா?" என்று மட்டும் கேட்டார்.

"ஜூன் கடைசின்னாலே எங்களுக்கு அவசர வேலைதான். முடிச்சுடலாம்."

ஹார்லன் திரும்ப உள்ளே வந்து சாவியை மேஜையில் வைத்தார். கண்ணாடி போல வரும் என்று டிங்கர் சொல்லியிருந்தான். மனசு லேசாகிவிட்டது. சனிக்கிழமை அந்தக் கார் கடை வாசலில் நிற்கும், பர்டெட் தடவிப் பார்ப்பார், தான் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் முனகினால் போதும். தொப்பியை இன்னும் ஒரு விரல் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம், மிஸ்டர் ஸ்மித்."

"சொல்லுங்க."

அந்தப் பெண் சாண்ட்விச்சின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஹாலோவேலேர்ந்து வர்ற ஸ்மித்துங்க எல்லாரும், சொந்தக் கையால பண்ணின மாதிரி தெரியணும்னு எங்கயாவது ஒரு இடத்துல கொஞ்சம் நெளிவு விடச் சொல்வாங்க, உங்களுக்கு எந்தப் பக்கம் விடட்டும்?"