மொக்கைச்சாமி தேறுவானா?

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வாழ்நாளில் ஒருமுறைகூட ஆடுகளக் கோட்டுக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். முட்டியில் பேருக்குக்கூட ஒரு சிராய்ப்புத் தழும்பு இருக்காது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று காற்று வாங்குவார்கள். ஆனால் எந்த ஊரில் எவன் புதிதாக ஆட வந்தாலும், அவன் தேறுவானா மாட்டானா என்பதை அவனைப் பெற்றவளுக்கும் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். டீக்கடை பெஞ்சில் பாதிப் பேர் இவர்கள்தான். மீதிப் பேர், இவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்று காத்திருப்பவர்கள்.

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த இனத்தின் முதல் மனிதர் சுயம்புலிங்கம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெயிண்ட் கடை வைத்திருந்தார். டிஸ்டெம்பர் வாங்க வந்தவர்களுக்குக் கபடி கிடைக்கும். பேச்சு சூடாகிவிட்டால் பெயிண்ட் கலக்குகிற குச்சியை எடுத்து மேசைமேலேயே களம் வரைந்துவிடுவார். நடுக்கோடு பச்சை, போனஸ் கோடு மஞ்சள், கபடி பாடி வருகிறவன் செங்காவி. பெயிண்ட் ஆயிற்றே, அழியுமா? மேசை பல வருஷத்து ஆட்டங்களைச் சுமந்துகொண்டு நின்றது.

அந்த வருஷம் ராஜபாளையம் பக்கத்து மில் ஒன்று தன் கபடி அணிக்குப் புதிதாக ஒருவனை எடுத்தது. மில்லின் பேர் வேண்டாம், என் சொந்தக்காரர்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள். பையன் பேர் மொக்கைச்சாமி, மகாராஜபுரத்தில் வயல்வேலை பார்க்கிற சம்சாரி மகன். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். பொங்கல் போட்டிகளில் அவன் பிடித்த கால்கள் அப்புறம் ஒரு வாரத்துக்கு விந்தி விந்தித்தான் நடக்கும் என்பார்கள். மில்லில் அவனுக்கு வேலை கொடுத்தார்கள், பனியன் கொடுத்தார்கள், வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு ஜோடி ஷூவும் கொடுத்தார்கள்.

கேள்வி அங்கேதான் பிறந்தது. இதுவரை அவன் பிடித்ததெல்லாம் ஊர்க்கால்கள். இனிமேல் வரப்போவது போலீஸ் கால், ரயில்வே கால். சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடுகிற கால்கள். தேறுவானா?

மாட்டான் என்றார் சுயம்புலிங்கம். அவன் வயல் சேற்றில் பழகியவன். சேற்றில் எதிரி வரும்போதே பாதி பிடிபட்டுத்தான் வருகிறான். மீதிப் பாதியைப் பிடிப்பதற்குப் பேர் பிடியா என்பது அவர் கட்சி.

தேறுவான் என்றார் தவசிமுத்து. பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பஞ்சாபில் எப்போதோ ஒரு மாலை கபடி பார்த்தவர். அந்த ஒரு மாலையை வைத்துக்கொண்டு அப்புறம் பார்த்த அத்தனை மாலைகளையும் மட்டம் தட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு வரப்பில் நின்று நின்று குதிகாலில் ஒரு பிடிமானம் வந்துவிடும், அதை எந்த மில்லும் சொல்லித்தர முடியாது என்பது அவர் கட்சி.

இரண்டு பேருமே மொக்கைச்சாமியைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் கருத்துச் சொல்வது சிரமமாகிவிடுமே?

பையனின் முதல் ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ராஜபாளையத்தில் வைத்திருந்தார்கள். எதிரணி, மதுரையிலிருந்து வருகிற போலீஸ் அணி. அதே ஞாயிற்றுக்கிழமை, சுயம்புலிங்கத்தின் மகள் பாலம்மாளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க ராஜபாளையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எந்த நல்ல காரியத்துக்கும் நாள் சரியில்லை, கடை சரியில்லை என்று இழுக்கிற மனுஷர் இதற்கு மட்டும் உடனே தலையாட்டினார். அவர் மனைவி வெள்ளத்தாய் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு சம்பந்தம், மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு வாலிபால் தெரியாது என்று இவர் பந்தியில் வைத்துச் சொன்னதால் முறிந்திருந்தது. பாலம்மாள் அதற்கென்று எடுத்த புதுப் புடவையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். அந்தப் புடவை சுயம்புலிங்கத்தைக் குத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கபடி பேசும்போது குத்தாது.

மத்தியான பஸ்ஸில் புருஷனும் பெண்டாட்டியும் ஏறினார்கள். பின்னாலேயே தவசிமுத்துவும் ஏறினார். அவ்வளவுதான். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் சேறு, வரப்பு, பஞ்சாப் எல்லாம் வந்துவிட்டன. கணுக்காலைப் பிடிக்கக் குனிகிறவன் முதலில் எந்த முட்டியை மடக்குவான் என்று தவசிமுத்து கேட்டார். வாயால் சொன்னால் இவருக்கு விளங்காது என்று சுயம்புலிங்கம் முடிவு செய்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே முன்னேறி வந்துகொண்டிருந்தார்.

"இவரு பாடி வாராருன்னு வச்சுக்கிடுங்க" என்றார் சுயம்புலிங்கம். பாய்ந்தார்.

கண்டக்டர் ஒரு கத்தரிக்காய் மூட்டைமேல் விழுந்தார். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, டிரைவரிடம் வண்டியை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடச் சொன்னார்.

ராஜபாளையத்தில் ஸ்டேஷன் வாசலில் பஸ் நின்றதும் வெள்ளத்தாய் பூப்பழப் பையோடு இறங்கினாள். அழவில்லை, சண்டை போடவில்லை. "நான் முன்னால போறேன். முடிச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவள் வேறென்ன சொல்வாள்?

உள்ளே ஏட்டு சிவனாண்டி புகார் எழுத உட்கார்ந்தார். எந்தக் காலைப் பிடித்தார் என்று கேட்டார். வலது கால் என்றார் கண்டக்டர். ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார்.

"வலது காலையா பிடிச்சீரு? முன்னுக்கு வார காலை விட்டுட்டு?"

சுயம்புலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. தன் இனம்.

அப்புறம் நடந்ததை எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேடாதீர்கள். தரையில் சாக்பீஸால் நடுக்கோடு போட்டார்கள். பெஞ்சைத் தள்ளிப் போட்டார்கள். கண்டக்டர் மறுபடியும் பாடி வந்து காட்டினார். அவசரக் காரியமாகப் போய்க்கொண்டிருந்த பயணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மாட்டுக்கு மருந்து வாங்கப் புறப்பட்டவர் தவசிமுத்து கட்சி; சாவு வீட்டுக்குப் போகிறவர் சுயம்புலிங்கம் கட்சி. கடைசியில் கண்டக்டரே மனம் இளகி, புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. தான் விழுந்தது பஸ் குலுங்கியதால்தான், பிடியால் இல்லை என்று சுயம்புலிங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மகளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை வீட்டில் காத்திருக்கிறார்கள். நீங்களோ நானோ என்றால் ஒத்துக்கொண்டு ஓடியிருப்போம். சுயம்புலிங்கம் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏட்டைப் பார்த்தார்.

"கேஸ் எழுதுங்க ஏட்டையா. உள்ள வைக்கணும்னாலும் வைங்க. ஆனா பிடி நல்ல பிடின்னு எழுதுங்க."

ரொம்ப நேரம் வாதாடி, பிடி சரி, இடம்தான் தப்பு என்று சமரசம் செய்து அனுப்பிவைத்தார்கள். வெளியே வந்தால் ஆட்டம் முடிந்து கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. மொக்கைச்சாமி எப்படி என்று விசாரித்தார்கள். ஒருவன் ஒன்று சொன்னான், அடுத்தவன் அதற்கு நேர்மாறாகச் சொன்னான். சுயம்புலிங்கம் முதலாமவன் சொன்னதை எடுத்துக்கொண்டார். தவசிமுத்து அடுத்தவன் சொன்னதை எடுத்துக்கொண்டார். நான்தான் அப்போதே சொன்னேனே என்று இருவருமே சொல்லிக்கொண்டு பிரிந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வெள்ளத்தாய் அவரை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்தி நிலவரத்தைச் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா காளிராஜ் பேண்டேஜ் துணி வியாபாரி, நல்ல மனிதர். ஆனால் கபடி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வீட்டில் ஒருவரை நிம்மதியாகச் சாப்பிடவிடுவதில்லை. மாப்பிள்ளையின் அம்மா பெத்தம்மாள் கேட்ட முதல் கேள்வியே, உங்க வீட்டுக்காரருக்கும் இந்தக் கிறுக்கு உண்டா என்பதுதான். ஒரு கிறுக்குக்கே தாங்கவில்லை, இன்னொன்று சம்பந்தியாக வந்தால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று பச்சையாகச் சொல்லிவிட்டாளாம்.

"உங்களுக்குக் கபடின்னா என்னன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன். ஸ்டேசனுக்குச் சாட்சி சொல்லப் போயிருக்கியன்னு சொல்லிட்டேன். நம்ம பிள்ள பாவம்ங்க."

சுயம்புலிங்கம் தலையசைத்தார். மகளின் முகம் கண்முன் வந்தது. இன்றைக்கு ஒரு நாள் வாயைக் கட்டத் தன்னால் முடியும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

கேசரி வைத்தார்கள். எதிரே காளிராஜ் உட்கார்ந்தார். விருந்தாளிக்காகக் காத்திருந்து ஆட்டத்துக்குப் போக முடியாமல் போனவர். அதனால் கருத்துகள் பெருகிக் கிடந்தன. கணுக்கால் பிடிக்குக் கை பலம் ஒன்றே போதும், கால் எதற்கு என்றார். சுயம்புலிங்கம் கேசரியை விழுங்கினார். போனஸ் கோடு வந்த பிறகு ஆட்டமே செத்துப்போச்சு என்றார். இன்னும் கொஞ்சம் கேசரி. உங்களுக்கு இதில் ஈடுபாடு இல்லையோ என்று கேட்டார்.

"எனக்குப் பெயிண்டு மட்டுந்தான்" என்றார் சுயம்புலிங்கம். சொன்னபோது கண்ணில் நீர் முட்டியது. கேசரி தொண்டையில் சிக்கியது என்று எல்லோரும் நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அதோடு காளிராஜ் நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற இனமா? எழுந்து நின்றார். இந்த மகாராஜபுரத்துப் பையனுக்கு ஒரு யோசனை சொல்ல வேண்டும், நேரே எதிரே போய் நின்று பிடித்தால் பாடி வருகிறவன் எங்கே போவான் என்றபடி கூடத்தின் நடுவில் பாடி வருகிறவனாக நடந்து காட்டினார். நேரே எதிரே. மூலையில் நின்று பக்கவாட்டில் பாய வேண்டிய கார்னர் ஆட்டக்காரன். நேரே எதிரே.

சுயம்புலிங்கத்தின் கையில் இருந்த தட்டு எப்போது கீழே போனது என்று அவருக்கே தெரியாது. பக்கவாட்டில் இருந்து பாய்ந்தார். சம்பந்தி ஜமுக்காளத்தில் விழுந்தார்.

வெள்ளத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். தரையில் கிடந்த காளிராஜ் தன் காலைப் பிடித்திருந்த கையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது கார்னர் பிடி இல்லியே" என்றார். "மூலைக்கு அடுத்தாப்ல கவர்ல நிக்கவன் பிடிக்கது."

"எந்த ஊர்ல?" என்றார் சுயம்புலிங்கம்.

இருவரும் எழுந்திருக்கவே இல்லை. படுத்தபடியே ஜமுக்காளத்தின் கோடுகளை நடுக்கோடாகவும் போனஸ் கோடாகவும் பிரித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். பெத்தம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் புருஷன் பேச்சு அவளைச் சுற்றித்தான் வந்திருக்கிறது. இன்றைக்குத்தான் அது வேறு பக்கம் பாய்ந்து அவள் பார்க்கிறாள். வீடு எவ்வளவு விசாலமாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மதினி" என்று வெள்ளத்தாயின் கையைப் பிடித்தாள். "பொய்தான் சொல்லியிருக்கிய. பரவால்ல. ரெண்டையும் ஒரு மூலைல உக்கார வச்சிட்டா நமக்கு ரெண்டு வீட்டுலயும் நிம்மதி. தையிலயே வச்சிருவோம்."

தையிலேயே கல்யாணம் நடந்தது. பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுக்க அப்பாவைத் தேடினார்கள். பந்திக்கூடத்தின் பின்னால், காய்கறி நறுக்குகிறவர்களின் நடுவில், சம்பந்தியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவரை இழுத்து வந்தார்கள். பாலம்மாள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளைக்குச் செஸ் மட்டும்தான் பிடிக்கும். அதையும் பேசாமல் ஆடுவார்.

கதை இவ்வளவுதான். பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தது, இரண்டு தாய்மார்களுக்கும் நிம்மதி கிடைத்தது, கண்டக்டரின் கால் சுகமாயிற்று. இதெல்லாம் போதும் என்று தோன்றினால் நீங்கள் நல்லவர், போய் வேலையைப் பாருங்கள். அதெல்லாம் இருக்கட்டும், அந்த மொக்கைச்சாமி தேறினானா இல்லையா, அதைச் சொல்லாமல் போகிறீரே என்று யாருக்காவது நாக்கு துறுதுறுக்கிறதா? இல்லை, வயல்காட்டுக் காலைப் பற்றி உங்களுக்கே ஒரு கருத்து உருவாகிவிட்டதா?

அப்படியானால் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரிடமிருந்து கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள்.