அஞ்சலையம்மாவிடம் வாடகை பேசப் போனேன்

பேசத் தெரிந்தவனை வாடகை பேச அனுப்பக் கூடாது. பேசத் தெரியாதவன் "முடியாதும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அதற்கு வீட்டுக்காரர் பதில் சொல்ல வழியே இருக்காது. பேசத் தெரிந்தவன் வாயைத் திறப்பான். அங்கேதான் வினை ஆரம்பிக்கும்.

எனக்கு நன்றாகப் பேசத் தெரியும். (அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி சாராளுக்கு அந்த நினைப்பு கல்யாணமான வாரமே போய்விட்டதாம்.) வேலூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, கோலார் தங்கவயலில் ஒரு கம்பெனியின் சாமான் கிடங்கில் ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். எத்தனை வாளி வந்தது, எத்தனை மெழுகுவத்தி போனது என்று எழுதுகிற வேலைதான். ஆனால் கோட்டுப் போட்டுக்கொண்டு போவேன். தங்கவயலின் பஜாரான ஆண்டர்சன்பேட்டையில் கோட்டுக்கு அப்போது நல்ல மரியாதை.

அதைவிட மரியாதை காலி வீட்டுக்கு. பக்கத்து மாரிக்குப்பம் வரைக்கும் ரயில் வந்துவிட்ட பிறகு, குடியாத்தம், திருப்பத்தூர் பக்கத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குக் கம்பெனி மூங்கில் தட்டிக் குடிசை கொடுத்தது. அதிலும் ஒரு குடிசைக்கு இரண்டு குடும்பம். ரைட்டர்களுக்கு அதுவும் கிடையாது. பஜாரில் சுவர் என்று ஒன்று நின்றால் போதும், அதில் முதுகைச் சாய்க்க வாடகை கேட்பார்கள்.

நாங்கள் குடியிருந்தது அஞ்சலையம்மாவின் வரிசை வீடுகளில். ஆறு வீடு, ஒரே கூரை, ஒரே கிணறு. அஞ்சலையம்மா சாதாரணப் பெண்பிள்ளை இல்லை. சின்ன வயசிலேயே புருஷனை இழந்து தனியாக இந்த ஊருக்கு வந்து, சுரங்கத்துக்குள் ஆள் இறங்குகிற ஷாப்டு வாசலில் கூழ் விற்று, அந்தக் காசில் மனை வாங்கி, கல்லும் மண்ணும் தன் தலையிலேயே சுமந்து ஒவ்வொரு வீடாக எழுப்பியவர். அவரைக் கண்டால் எனக்குப் பயமும் பக்தியும் சரிபாதி.

ஒருநாள் அவர் வந்து, அடுத்த மாசத்திலிருந்து எட்டணா வாடகை கூட என்று சொல்லிவிட்டுப் போனார். வரிசை முழுக்கக் கலங்கிப்போயிற்று. பக்கத்து வீட்டு முனுசாமி சுரங்கத்தில் பாறை துளைக்கிறவன். அவன் மனைவி வள்ளிக்கு நிறைமாசம்.

"வாடகைக்கே எல்லாம் பூட்டா சோத்துக்கு இன்னா பண்றது, ரைட்டரய்யா? தட்டிக் குடிசைக்கே திரும்பிப் போலாம்னா, இவ இந்த நெலமையில கீறா. அங்க இன்னொரு குடும்பத்தோட எங்க படுக்க வைக்கறது?" என்றான்.

"கவலைப்படாதே, நான் பேசுகிறேன்" என்றேன்.

"நானும் வள்ளியும் போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றோமே" என்றாள் சாராள்.

நான் சிரித்தேன். "இதெல்லாம் முறையாகப் பேச வேண்டிய விஷயம், சாராள்."

முறை என்றால் என்ன? முதலில் கேட்பவர் மனசைக் குளிரவைத்து, பிறகு விஷயத்துக்கு வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கிடங்குக்குப் போகும் வழியெல்லாம் பிரசங்கத்தை ஒத்திகை பார்த்தேன். (எதிரில் வந்த ஒருவர் எனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சாராளிடம் துக்கம் விசாரித்தாராம்.) ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் கோட்டோடு கிளம்பினேன்.

அஞ்சலையம்மா முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். "வாங்க ரைட்டரே, உக்காருங்க. மோர் குடிங்க. இன்னா விசயம்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அம்மா, தங்கள் வீட்டில் குடியிருப்பது நாங்கள் செய்த பாக்கியம்."

மிளகாய் கிள்ளிய கை நின்றது. "அப்படியா?"

"கிணற்றுத் தண்ணீர் இளநீரேதான்!"

"அந்தக் கெணத்துக்கு நான் பட்ட பாடு! தோண்டின எடமெல்லாம் பாறை. இத்தினி வருசத்துல தண்ணி நல்லா கீதுன்னு ஒருத்தர் சொன்னதில்ல, ரைட்டரே." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனசு குளிர்கிறது! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சுவரின் குளிர்ச்சியைச் சொன்னேன். ஜன்னல் காற்றைச் சொன்னேன். "நிலா வெளிச்சம்கூட வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது, அம்மா" என்றேன். (ஓடு உடைந்திருப்பதைத்தான் அப்படிச் சொன்னேன். குறையை நாசூக்காக எடுத்துச் சொல்வதாக எண்ணம்.)

"உங்க கூட வேல செய்யறவங்கல்லாம் எங்க கீறாங்க?"

"அவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு வீடு கிடைக்குமா? என்ன விலை கொடுத்தாலும் கிடைக்காது!"

"இன்னா வெல குடுத்தாலுமா?"

"எந்த விலை கொடுத்தாலும்!" என்று தொடையில் தட்டினேன்.

அஞ்சலையம்மா மிளகாயைத் தள்ளி வைத்தார். "நான் இன்னாத்த கண்டேன்? ஏதோ எட்டணானு சொல்லிட்டேன். படிச்சவரு நீங்களே வந்து சொல்றீங்க. பன்னெண்டணாவா வச்சிக்கலாம்."

என் பிரசங்கத்தின் இரண்டாம் பாகத்தில்தான் வாடகையைக் குறைக்கச் சொல்வதாக இருந்தேன். அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "ரொம்ப சந்தோஷம், அம்மா."

அவருக்கும் சந்தோஷம். ஒரு துணியில் மிளகாய் கட்டிக் கொடுத்தார்.

வரிசையே வாசலில் நின்றிருந்தது. "இன்னா ஆச்சு?" என்றான் முனுசாமி.

"மிளகாய் கொடுத்தார்" என்றேன்.

மிச்சத்தையும் சொன்னேன். யாராவது திட்டியிருந்தால்கூடத் தேவலை. வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே போனாள். முனுசாமி என்னைப் பார்த்தான். "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். எனக்கு அன்று கோட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லை.

சாராள் அம்மியைக் கழுவினாள். மிளகாயை அரைத்தாள். கோழி வாங்கினாள். அடுத்த நாளே அஞ்சலையம்மாவை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். வழக்கத்துக்கு மாறாக அன்று கிடங்கிலிருந்து சாப்பிட வந்த என்னிடம், "நீங்க சாப்பிட மட்டும் வாயைத் திறந்தா போதும்" என்றாள்.

அஞ்சலையம்மா குழம்பை ருசித்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார். பூமிக்கடியில் வெடி வைக்கும் நேரம் அது. தரை ஒரு குலுக்குக் குலுக்கியது. கூரையிலிருந்து பொலபொலவென்று மண் இலையில் விழுந்தது. சாராள் முகம் மாறாமல் அந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டாள். சோறும் குழம்பும் மறுபடி வைத்தாள். மறுபடி வெடி. மறுபடி மண். பக்கத்தில் இன்னும் ஒரு கட்டு இலை தயாராக இருந்தது.

"இன்னாடி இது?"

"தினமும் வர்றதுதாம்மா."

"உம் புருசன் சொர்க்கம்ற மாதிரி சொன்னாரே?"

"அவரு பகலெல்லாம் கிடங்குல கீறாரு. சொர்க்கத்துல நாங்கதான் கீறோம்" என்றாள் சாராள். பிறகு குரலைத் தணித்து, "இந்தச் சுவத்துக்கு அந்தாண்டதான் வள்ளி படுக்கறா. பொறக்கப் போற பச்ச மண்ணு மூஞ்சில இது விழுமேன்னுதான் எனக்குத் தூக்கம் வரல" என்றாள்.

அஞ்சலையம்மா கையைக் கழுவிவிட்டு எழுந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். வெளியே போய்ப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, அந்த வயசில், ஏணி வைத்துக் கூரை மேல் ஏறிவிட்டார்! தலைக்கு மேலே ஓடுகள் நொறுங்கும் சத்தம் கேட்டது. நான் அண்ணாந்தேன். ஓட்டை வழியாக அவர் முகம் தெரிந்தது.

"ரைட்டரே! நெலா தெரியுதா?"

முழு வரிசையும் சிரித்தது. வள்ளிகூடச் சிரித்தாள்.

மேலே நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். பழைய வாடகையே போதும். ஓடு மாற்றிச் சுவர் பூசி முடித்த பிறகு இரண்டணா கூட. "இனிமே எங்கிட்ட பேசறதுன்னா சாராள அனுப்புங்க. இவரு வந்தா என் மனசு கெட்டுப் பூடுது" என்றார். மறுநாளே ஆள் கூட்டி வந்தார். ஆள்களோடு தானும் நின்று மண் குழைத்தார். வள்ளிக்குப் பிறந்த பெண் புது ஓட்டுக்குக் கீழேதான் கண் விழித்தாள். அவளுக்கு முதல் சட்டை தைத்துப் போட்டவரும் அஞ்சலையம்மாதான். சாராளையும் அஞ்சலையம்மாவையும் போலப் பேசத் தெரிந்தவர்களை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதை விலை பேசினாலும் என்னைத் தள்ளி உட்காரவைத்துவிடுவார்கள். போன மாசம் மாடு வாங்கச் சந்தைக்குப் போனோம். சாராளும் எங்கள் மகளைக் கட்டிய மாப்பிள்ளையும் என்னை ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்து, விலை முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் திறக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன், அருமையான மாடு. தலையை மட்டும் கொஞ்சம் ஆட்டினேன். அதைப் பார்த்துவிட்டு மாட்டுக்காரன் இரண்டு ரூபாய் ஏற்றிவிட்டானாம்.