அன்னையர் அறைக்கு ஒரு தாழ்ப்பாள்

மாலை மங்கி ஏழரை ஆகியிருந்தது. அலுவலகத்தின் கணினி சர்வர் அறைக்குள்ளிருந்து ‘கிர்ர்… புஸ், கிர்ர்… புஸ்’ என்று ஒரு சத்தம். எலியோ என்று நினைத்துக் கட்டையோடு கதவைத் திறந்தார் காவலாளி. இயந்திரங்களுக்கு நடுவே, சால்வையைப் போர்த்திக்கொண்டு, தாய்ப்பால் எடுக்கும் பம்ப்போடு உட்கார்ந்திருந்தாள் புரோகிராமர் பெண்.

“ஐயையோ, மன்னிச்சிரும்மா!” என்று அவர் ஓடிவிட்டார். பயத்தில் அவளுக்குப் பால் நின்றுபோனது. பவுடர் பாலைத் துப்பிவிடும் ஐந்து மாதக் குழந்தை அன்றிரவெல்லாம் வீரிட்டழுதது.

மறுநாள் ‘அனைவரையும் அரவணைக்கும் குழு’விடம் மனுக் கொடுத்தாள். குழுவில் பதினொரு பேர். பதினொருவரும் ஆண்கள். குறை சொல்லக்கூடாது, பதினொருவரும் பெண்ணுரிமை பேட்ஜ் குத்தியிருந்தார்கள்.

“அதான் அன்னையர் அறை இருக்கே, சகோதரி?” என்றார் தலைவர். அந்த அலுவலகத்தின் மேலாளரும் அவரே.

“உள்ளே தாழ்ப்பாள் இல்லையே, சார்.”

“எப்படி இருக்கும்? ‘இங்கே எந்தக் கதவும் யாருக்கும் மூடப்படாது.’ நம்ம கொள்கையோட முதல் வரியே அதுதான். நீங்க தாழ் போட்டா மத்தவங்களை ஒதுக்கின மாதிரி ஆகாதா?”

“ஒதுக்கணும்னுதான் சார் கேக்கறேன்.”

பதினொருவரும் மிகுந்த வேதனையோடு அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மூன்று அமர்வுகள் நடந்தன. மனுதாரரின் உணர்வுகளுக்கு உரிய மதிப்பளித்துத் தாழ்ப்பாள் பொருத்த ஆணை பிறந்தது. கொள்கைக்குப் பங்கம் வராதபடி, கதவின் வெளிப்பக்கத்தில்.

திறப்பு விழாவன்று மணி ஏழரை. அன்னையர் அறை நிறைய ஆண்கள் நின்று கேக் தின்றுகொண்டிருந்தார்கள். அவளுக்கு மார்பு கனத்து வலித்தது. பையை எடுத்துக்கொண்டு நேரே மேலாளர் அறைக்கு நடந்தாள். ரகசிய ஆலோசனைகளுக்காக, அந்த மாடியிலேயே உள்தாழ்ப்பாள் உள்ள ஒரே அறை அது.

தலைவர் பதறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார், அவர் பின்னால் குழுவும். “அம்மா, அது என் ரூமு!”

“எந்தக் கதவும் யாருக்கும் மூடப்படாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

அதற்குள் குழுச் செயலாளர் கோப்பைப் புரட்டினார், முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“சார்! இந்த வருஷத்து முதல் இலக்கு, ‘தலைமை அறையில் ஒரு பெண்.’ நாளையோட கெடு முடியுது. எட்டிட்டோம் சார்!”

பதினொருவரும் ஒருவரையொருவர் கட்டித்தழுவிக்கொண்டார்கள். செயலாளர் கைபேசியை உயர்த்தினார்.

“மேடம், ஒரே நிமிஷம்! அந்தப் பம்ப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுச் சிரிங்க. ஆண்டறிக்கை அட்டைக்கு…”

அவர் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.